கட்டுவிரியன் கடியும் மூச்சுக்குழாய் டியூபும்: பகோ பகுதியிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பர்மாவின் பகோ பிராந்தியத்தில் சித்தாங் ஆற்றுப் பக்கத்து நெல் வயல்களை ஒட்டி இன்னும் தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. வெள்ளைக்காரர் காலத்தில் நெல் வேலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களுடைய பிள்ளைகளும். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் பர்மியம். மழைக்காலத்தில் வயலில் தண்ணீர் ஏறினால் பாம்பு மேட்டைத் தேடி வரும். மேடு என்றால் பெரும்பாலும் இவர்கள் குடியிருக்கும் இடம்தான்.

இந்த நாட்டில் பாம்புக் கடி என்றதும் எல்லாரும் நினைப்பது கண்ணாடி விரியனை. ரத்தம் உறையாமல் போவது, சிறுநீரகம் பழுதாவது என்று அதன் வேலை எல்லா வயல்காரருக்கும் தெரியும். அரசு மருந்துத் தொழிற்சாலை குதிரை ரத்தத்திலிருந்து இரண்டு முறிமருந்துகள் தயாரிக்கிறது: ஒன்று கண்ணாடி விரியனுக்கு, இன்னொன்று நாகத்துக்கு. கட்டுவிரியனுக்கு இங்கே தயாராவதில்லை. பக்கத்துத் தாய்லாந்தில் செஞ்சிலுவைச் சங்கம் செய்கிறது, ஆனால் எங்களைப் போன்ற 25 படுக்கை மருத்துவமனையின் அலமாரிக்கு அது வருவதில்லை. ஆகவே கட்டுவிரியன் கடித்தவருக்கு நாங்கள் தர முடிந்தது மூச்சு மட்டும். இந்த நிகழ்வைப் பதிவு செய்வதற்கு அதுவே காரணம்.

இரவில் நடந்தது

நோயாளி 34 வயதுப் பெண், நாற்று நடவு வேலை செய்பவர், எடை சுமார் 48 கிலோ. மூங்கில் தரையில் பாய் விரித்து, கொசுவலை இல்லாமல் படுத்திருந்தார். வலை இருந்தது, பிள்ளைகளுக்குக் கட்டியிருந்தார்கள். நள்ளிரவு தாண்டி 2 மணி வாக்கில் வயிற்று வலியோடு எழுந்தார். இடது முழங்கைப் பக்கம் எறும்பு கடித்தாற்போல் ஓர் உறுத்தல், அவ்வளவுதான். வயிற்று வலிக்கு ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். 3 மணிக்கு மேல் "கண்ணு தொறக்க வரல, எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது" என்றிருக்கிறார். அப்போதுதான் மாமியார் விளக்கை எடுத்துப் பாயைப் புரட்ட, கருப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட பாம்பு சுவரோரம் கிடந்தது.

அண்ணன் அதை அடித்துச் சாக்கில் கட்டினார். கைக்கு மேலே துணியால் இறுக்கிக் கட்டினார்கள். ஊரில் மந்திரிப்பவரிடம் கொஞ்ச நேரம் போயிற்று. பிறகு தோலாஜி என்று இங்கே சொல்லும் உழவு எந்திர வண்டியில் கிடத்தி, சேற்றுப் பாதையில் 5.40க்குக் கொண்டு சேர்த்தார்கள்.

கண்டவை

நடந்து வரவில்லை, ஆனால் பேசினார். குரல் மூக்கால் வந்தது. இரண்டு இமைகளும் பாதி மூடியிருந்தன. விழியை எந்தப் பக்கமும் முழுதாகத் திருப்ப முடியவில்லை. எச்சிலை விழுங்காமல் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். என்னைப் பொறுத்தவரை அந்தத் துணிதான் அன்று காலை கிடைத்த முதல் எச்சரிக்கை. விழுங்க முடியாதவருக்கு அடுத்துப் போவது மூச்சு.

முழங்கைக்குக் கீழே ஊசி குத்தியது போல் இரண்டு புள்ளிகள். வீக்கமில்லை. கட்டை மெதுவாகத் தளர்த்தினோம். ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து அசைக்காமல் 20 நிமிடம் வைத்தோம், கட்டியாக உறைந்தது. ஆக, கண்ணாடி விரியன் விஷத்தின் அடையாளம் இல்லை. சாக்கிலிருந்த பாம்பின் முதுகெலும்பு வரிசையில் பெரிய அறுகோணச் செதில்கள் தெளிவாகத் தெரிந்தன. கட்டுவிரியன்.

விரலில் மாட்டிய மானியில் ஆக்சிஜன் 97 சதவீதம். இந்த எண் பலரை ஏமாற்றும். மூச்சுத் தசை பாதி செத்த பிறகும் அது நல்ல பிள்ளையாகவே இருக்கும், கடைசியில்தான் சரியும். நாங்கள் நம்பியது இரண்டு எளிய சோதனைகளை. ஒன்று, தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொல்வது. தூக்கினார், ஆனால் இரண்டு நொடிக்கு மேல் நிற்கவில்லை. மற்றது, ஒரே மூச்சில் எண்ணச் சொல்வது. தமிழில் "ஒண்ணு, ரெண்டு" என்று தொடங்கி 14 வரை போனார். அரை மணி கழித்து 9. அதற்கடுத்த அரை மணியில் 6.

நாகத்தின் விஷமாக இருந்தால் நியோஸ்டிக்மின் என்ற மருந்து உதவக்கூடும். பாம்பு கையில் இருந்தும் அதைச் சோதித்துப் பார்த்தோம். அட்ரோபின் 0.6 மி.கி. ரத்தக்குழாயில், நியோஸ்டிக்மின் 1 மி.கி. தசையில். இமை ஒரு நூல்கூட உயரவில்லை. அது எதிர்பார்த்ததுதான். நாக விஷம் பெரும்பாலும் தசைப் பக்கத்துப் பூட்டை அடைத்துவிடும், அடைப்பை விலக்க வழி உண்டு. கட்டுவிரியன் விஷமோ நரம்பின் முனையையே சிதைக்கிறது. முனை மறுபடி முளைக்க நாட்கள் ஆகும், சிலருக்கு வாரங்களும் ஆகும். முறிமருந்து இருந்திருந்தாலும் சிதைந்ததை அது மீட்டிருக்காது.

முடிவு: அனுப்பிவிட்டு டியூபா, டியூப் போட்டு அனுப்புவதா

வென்டிலேட்டர் யாங்கூனில்தான். நல்ல நாளிலேயே மூன்று மணி நேரப் பயணம், அன்று வழியில் ரோட்டில் தண்ணீர் ஓடுவதாகச் செய்தி. பணியிலிருந்தவர்களில் ஒருவர், "பேச்சு இருக்கும்போதே ஏற்றி ஓட்டிவிடலாம், அங்கே போய்ப் போட்டுக்கொள்வார்கள்" என்றார். குடும்பமும் அதையே கேட்டது. அந்த எண்ணத்தில் நியாயம் உண்டு. எங்களிடம் மயக்க மருந்து நிபுணர் இல்லை, மூச்சுக்காற்றின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவியும் இல்லை.

ஆனால் எண்ணிக்கை ஒரு மணி நேரத்தில் 14லிருந்து 6க்கு வந்திருக்கிறது. அதே வேகத்தில் போனால் பாதி வழியில், குலுங்கும் வண்டிக்குள், எச்சில் நிறைந்த தொண்டையோடு மூச்சு நிற்கும். அங்கே டியூப் போடுவது என்பது பெரும்பாலும் போடாமலேயே போவது. வெளிச்சமும் எச்சிலை உறிஞ்சும் சக்ஷனும் நாலு கைகளும் இருக்கும் இடத்தில், ஆக்சிஜன் இன்னும் நல்ல நிலையில் இருக்கும்போது போடுவதே சரி என்று முடிவெடுத்தோம். மூச்சு நின்ற பிறகு போடும் டியூப் வேறு, நிற்பதற்கு முன் போடும் டியூப் வேறு. முதலாவதில் மூளை ஏற்கனவே பட்டினி கிடந்திருக்கும்.

கணவரிடம் சொன்னோம். அந்தப் பெண்ணிடமும் சொன்னேன்: "தங்கச்சி, உனக்கு மூச்சு விட முடியாமப் போகும். தொண்டைக்குள்ள ஒரு குழாய் வைக்கிறோம். நாங்க உனக்காக மூச்சு விடுவோம். பேச வராது, ஆனா நான் சொல்றது உனக்குக் கேட்கும்." தலையசைக்க முடியவில்லை. என் விரலை அழுத்தினார்.

டியூப் போட்டது

7.10க்குத் தொடங்கினோம். தலைக்கும் தோளுக்கும் கீழே மடித்த லுங்கிகளை அடுக்கி, காதுத் துளை மார்பெலும்பின் மேல்பள்ளத்துக்கு நேராக வரும்படி உயர்த்த வேண்டும் என்று திட்டம். அவசரத்தில் முதல் முறை தலைக்குக் கீழே மட்டுமே வைத்திருந்தது. ஐந்து நிமிடம் ஆக்சிஜன். கீட்டமின் என்ற மயக்க மருந்து 50 மி.கி. மெதுவாக ரத்தக்குழாயில். தசை தளர்த்தும் மருந்து கொடுக்கவில்லை, விஷம் அந்த வேலையை முடித்திருந்தது. தாடை எதிர்ப்பில்லாமல் திறந்தது.

தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப், 3ஆம் எண் பிளேடு. வாய்க்குள் எச்சில் குளம்போல் நின்றது. காலால் மிதிக்கும் சக்ஷனில் உறிஞ்சிய பிறகும் குரல்வளை மூடியின் விளிம்பு மட்டும் தெரிந்தது. 7.0 டியூப் உள்ளே போயிற்று. பையை அழுத்தியபோது டியூபின் உட்சுவரில் ஆவி படிந்தது. "போயிடுச்சு" என்று ஒரு குரல் வந்தது. மார்பு லேசாக ஏறுவது போலவும் இருந்தது, ஏறாதது போலவும் இருந்தது. ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்டது, எங்கிருந்து என்று சொல்ல முடியவில்லை.

இங்கேதான் 50 மி.லி. சிரிஞ்சு வந்தது. டியூபின் வாயில் காற்றுப் புகாமல் பொருத்தி, பிஸ்டனை வேகமாகப் பின்னுக்கு இழுத்தார் ஸயாமா (இங்கே செவிலியரை அப்படித்தான் அழைப்பார்கள்). மூச்சுக்குழாய்க்குக் குருத்தெலும்பு வளையங்கள் உண்டு, இழுத்தாலும் ஒட்டாது, காற்று தாராளமாக வரும். உணவுக்குழாய் வெறும் தசை, இழுத்தால் டியூபின் நுனியைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். பிஸ்டன் பாதிக்கு மேல் வரவில்லை. விட்டதும் படக்கென்று திரும்பிப் போயிற்று. ஆவி படிந்ததை நம்பி அந்த டியூபைக் கட்டியிருந்தால் வயிற்றுக்குத்தான் மூச்சு கொடுத்துக்கொண்டிருப்போம். ஆவி வயிற்றுக் காற்றிலும் படியும்.

உடனே உருவினோம். முகமூடி வைத்து, கையால் அழுத்தும் ஆம்பு பையில் மூச்சு கொடுத்து, ஆக்சிஜன் 90இலிருந்து 98க்கு ஏறும்வரை காத்திருந்தோம். தோளுக்குக் கீழே லுங்கிகளை அடுக்கினோம். இரண்டாவது முறை டியூபுக்கு வழிகாட்டும் மெல்லிய கம்பியான, வளைந்த நுனியுள்ள பூஜியை முதலில் விட்டோம். வளையங்களின் மேல் அது தடதடவென்று உரசிப் போவது கைக்குத் தெரிந்தது. அதன்மேல் டியூப். சிரிஞ்சு 50 மி.லி.யும் தடையில்லாமல் வந்தது. மேல்வயிற்றில் சத்தமில்லை, இரண்டு அக்குளிலும் சமமான சத்தம். உதட்டோரம் 21 செ.மீ. குறியில் நாடாத் துணியால் கட்டி, அந்த எண்ணைக் கன்னத்து பிளாஸ்டரில் பேனாவால் எழுதினோம்.

கையால் மூச்சு

வண்டி வர மதியம் ஆகும் என்று தெரிந்தது. அதுவரை பை அழுத்த வேண்டும். இரண்டு செவிலியர்கள், வார்டு முழுக்க நோயாளிகள். குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுத்தோம்.

இதில் யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன் சொன்ன வழியில், தொண்டையில் துளையிட்டு வைத்த டியூப் வழியாக மாணவர்கள் முறை வைத்து நாட்கணக்கில், வாரக்கணக்கில் கையால் பை அழுத்தினார்கள். சுமார் 1,500 பேர். தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஒன்று உலகத்தில் உருவானதே அந்தக் கைகளால்தான்.

முதலில் அழுத்தியவர் அண்ணன். பயத்தில் நிமிடத்துக்கு 30 முறை அழுத்தினார். அப்படிச் செய்தால் காற்று வெளியேற நேரமிருக்காது, நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி ரத்த அழுத்தம் சரியும். "அண்ணே, உங்க மூச்சைப் பார்த்துக்கிட்டே அழுத்துங்க. நீங்க இழுக்கும்போது அழுத்தணும், நீங்க விடும்போது விடணும்" என்று சொன்னதும் 14க்கு வந்துவிட்டது. ஆளுக்கு இருபது நிமிடம். கணவர், அண்ணன், பக்கத்து வீட்டு இளைஞர், பிறகு மாமியாரும். அவர் கை ஓயாமல் அழுத்தினார்.

கண்மணி விரிந்தபோது

9.30க்கு இரண்டு கண்மணிகளும் முழுக்க விரிந்திருந்தன. டார்ச் அடித்தால் சுருங்கவில்லை. கை கால் தளர்ந்து கிடந்தன. கிள்ளினால் அசைவில்லை. ஊரிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் கட்டிலருகே நின்று பார்த்துவிட்டு என்னிடம் (மருத்துவரை இங்கே ஸயா என்பார்கள்) தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஸயா, உசுரு போயி ரொம்ப நேரமாச்சு. இனிமே உடம்பைப் போட்டு எதுக்கு அழுத்துறது? வீட்டுக்குக் கொண்டு போயிடுறோம்." மருத்துவமனைப் பணியாளர் ஒருவரும் அதையே நினைத்தது முகத்தில் தெரிந்தது.

வேறு எந்த நோயிலும் இந்தக் கண்கள் மூளை செத்ததன் அடையாளமாக இருக்கலாம். கட்டுவிரியன் கடியில் அப்படி எடுக்கக் கூடாது. கண்மணியைச் சுருக்கும் நரம்பு முனையையும் விஷம் அடைக்கும். ஆள் உள்ளே முழு நினைவோடு இருப்பார். இதைத் தெரியாமல் பையைக் கீழே வைத்தால் உயிரோடிருப்பவரைக் கொல்கிறோம். இவ்வளவு கடுமையாகச் சொல்வதற்கு நான் தயங்கவில்லை.

எல்லாரையும் அமைதியாக இருக்கச் சொல்லிவிட்டு, அவர் காதருகே சொன்னேன்: "தங்கச்சி, கேட்குதா? கேட்டா வலது கால் பெருவிரலை அசை." போர்வையை விலக்கிக் காத்திருந்தோம். சில நொடிகள் ஒன்றுமில்லை. பிறகு பெருவிரல் அரிசி அளவு கீழே மடங்கியது. தற்செயலோ என்று, "ரெண்டு தடவை அசை" என்றேன். இரண்டு தடவை அசைந்தது. பெரியவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பேசாமல் வந்து பையை வாங்கிக்கொண்டார்.

அதிலிருந்து அந்தக் கால்விரலே எங்கள் பேச்சு. ஒரு முறை அசைத்தால் ஆம், இரண்டு முறை என்றால் இல்லை. வலிக்கிறதா, எச்சில் எடுக்கவா, பயமா. பயமா என்று கேட்டதற்கு ஒரு முறை அசைந்தது. கீட்டமின் சிறிதளவு கொடுத்தோம். கையிருப்பு குறைவு, பயணத்துக்கும் வேண்டும். மூடாத கண்களுக்கு உப்புநீர் நனைத்த துணி வைத்து இமைகளைப் பிளாஸ்டரால் மூடினோம், என்ன செய்கிறோம் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான்.

பயணம்

1.30க்குக் கிளம்பினோம். தண்ணீர் வடிந்த பள்ளங்களில் வண்டி எகிறியது. யாங்கூனுக்கு முன்னால் உள்ள ஹ்லேகூ ஊர் வருவதற்கு முன் ஆக்சிஜன் 98இலிருந்து 86க்கு வந்தது, பையும் இறுகியது. வண்டியை ஓரம் கட்டச் சொன்னோம். ஓடும் வண்டியில் ஸ்டெதஸ்கோப்பில் ஒன்றும் கேட்காது. இடது மார்பு ஏறவில்லை. கன்னத்தில் எழுதியிருந்தது 21, உதட்டோரம் நின்றது 24. டியூப் வலது நுரையீரலின் கிளைக்குள் இறங்கியிருந்தது. 21க்கு இழுத்து, மறுபடி சத்தம் கேட்டு, கட்டை மாற்றினோம். இரண்டு நிமிடத்தில் 96. கன்னத்தில் எழுதிய அந்த எண் இல்லாதிருந்தால் அடைப்பா, காற்றுக் கசிவா, சிலிண்டரா என்று நடுரோட்டில் தேடிக்கொண்டிருந்திருப்போம்.

பின்விளைவு

மாலை 5 மணிக்கு யாங்கூனில் வென்டிலேட்டரில் இணைத்தார்கள். எங்கள் கடிதத்தின் முதல் வரி நோயின் பெயராக இருக்கவில்லை. "இவருக்கு முழு நினைவு உண்டு, வலது பெருவிரலால் பதில் சொல்வார், தமிழும் பர்மியமும் புரியும்" என்று எழுதியிருந்தோம். அதைக் கட்டில் தலைமாட்டில் ஒட்டியதாகப் பிறகு அறிந்தோம்.

மூன்றாம் நாள் புருவம் அசைந்தது. இடது நுரையீரலின் அடியில் நிமோனியா வந்து ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். கையால் மூச்சு கொடுத்த நேரமும், எச்சில் இறங்கியதும் அதற்குக் காரணமாக இருக்கலாம். ஆறாம் நாள் தலையை ஐந்து நொடி தூக்கிப் பிடித்த பிறகு டியூபை எடுத்தார்கள். இரண்டு வாரம் குரல் கம்மியிருந்தது. கீழுதட்டில் டியூப் அழுத்திய புண் ஆறியது. வேறு குறை இல்லை. அடுத்த நடவுக்கு வேலைக்குப் போனார்.

பார்க்க வந்தபோது அவர் சொன்னவற்றில் பெரும்பகுதி கேட்ட வார்த்தைகள். பெரியவர் சொன்னதும் கேட்டிருக்கிறது. "வீட்டுக்குக் கொண்டு போயிடுறோம்னு சொன்னப்ப, இருக்கேன் இருக்கேன்னு உள்ளுக்குள்ள கத்தினேன் ஸயா. யாருக்கும் கேட்கல." டியூப் வலித்ததை விட அதுவே கொடுமை என்றார். மாமியார் பை அழுத்தும்போது மாரியம்மன் தாலாட்டு பாடியதாகவும், அந்த நேரம் மட்டும் பயம் குறைந்ததாகவும் சொன்னார்.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

சிரிஞ்சும் பூஜியும் இப்போது லாரிங்கோஸ்கோப் தட்டிலேயே இருக்கின்றன, அலமாரியில் அல்ல. ஆனால் சிரிஞ்சு ஒரு தற்காலிகத் துணைதான். பருமனானவர்களிலும் கர்ப்பிணிகளிலும் அது தவறாகக் காட்டலாம். வெளிமூச்சில் கார்பன் டை ஆக்சைடு வருகிறதா என்று காட்டும் கருவி வேண்டும், அலையாகக் காட்டும் மானி கிடைக்காவிட்டால் நிறம் மாறும் சிறு குப்பியாவது. டியூப் போடும் எந்த மருத்துவமனைக்கும் இது ஆடம்பரம் அல்ல. இதற்காக எழுதிக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

தலையை உயர்த்தும் அடுக்கு, நோயாளி படுக்கும் முன்பே தயாராக வேண்டும். முதல் முறை தவறியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. கீட்டமின் கையிருப்பை உயர்த்தினோம். அசைய முடியாதவருக்கு முழு நினைவில் மணிக்கணக்காக டியூபோடு கிடப்பது எப்படியிருக்கும் என்பதை இந்தப் பெண் சொல்லிவிட்டார். அதே சமயம் ஆழ்ந்து தூங்க வைத்திருந்தால் 9.30க்குப் பெருவிரல் பேசியிருக்காது. முதல் பதிலைப் பார்த்து, எல்லாருக்கும் காட்டி, பிறகு மருந்தைக் கூட்டுவது என்று இப்போது வைத்திருக்கிறோம்.

கட்டுவிரியன் கடி என்று சந்தேகம் வந்தால், "கேட்டுக்கொண்டிருக்கிறார்" என்று தமிழிலும் பர்மியத்திலும் எழுதிய அட்டை கட்டிலில் தொங்கும். யாங்கூனுக்கு முதல் தொலைபேசி, ஒரே மூச்சில் எண்ணும் எண்ணிக்கை 10க்குக் கீழே வரும்போதே போகும்.

ஊரில் பேசியது கொசுவலை பற்றி. நேபாளத் தராய்ப் பகுதியில் செய்த ஆய்வு, வலைக்குள் தூங்குபவர்களைப் பாம்பு கடிப்பது குறைவு என்று காட்டியது. வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருக வேண்டும், தொங்கவிட்டால் பயனில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் கட்டும் வழக்கம் இங்கே வலுவாக இருக்கிறது. இரண்டு வலை வாங்கப் பணமில்லாத வீடுகளுக்குக் கோயில் நிர்வாகம் ஒரு தொகையை ஒதுக்கியது. ஆடிக்கு முன்பே வலைகள் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.